உரித்த பட்டை மறுபடி ஒட்டிக்கொண்டது

அத்தியாயம் 5

"திருடன்னு சொன்னதைக்கூடப் பொறுத்துக்குவேன் மேடம். உரிச்சதை உரிக்கலன்னு சொல்றாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துகொண்டு கார்ப்பென்டர் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என் காலை மிதித்தாள். எங்கள் துப்பறியும் நிலையத்தில் 'வாயை மூடு' என்பதற்கு அதுதான் சைகை. என் செருப்புகள் சீக்கிரம் தேய்வதற்கும் அதுதான் காரணம்.

துப்பறிவது என் அண்ணி. பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் கவுண்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, குடையையும் டிபன் பாக்ஸையும் உரியவர்கள் கையில் சேர்த்தவள். நான் அவளுக்கு உதவி. அவள் புருஷனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு தொழில் நடத்துகிறோம், இன்னும் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பதுதான் எங்கள் உறவுக்காரர்களுக்கு இதுவரை விளங்காத மர்மம்.

வழக்கு இதுதான். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மா வீட்டில் மூன்று நாளைக்கு முன்னால் ஒரு ஜோடி வைரத் தோடு காணாமல் போய்விட்டது. செத்துப்போன அவருடைய அம்மாவின் தோடு. அது காணாமல் போன நேரத்தில் அந்த அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர் கார்ப்பென்டர். பையைக் கொட்டிப் பார்த்தார்கள், சட்டைப் பையைத் துழாவினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மத்தியானம் வெளியே சாப்பிடப் போனவர் எங்கேயோ ஒளித்துவிட்டு வந்திருப்பார் என்று முடிவு கட்டி, கருவிப் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆளை வெளியே தள்ளிவிட்டார்கள். போலீஸுக்குப் போனால் கட்டடத்தின் பெயர் கெடும் என்று செயலாளர் அம்மா எங்களைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் போன அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம். இந்த ஆளை இனி கேட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று அங்கே முடிவாகும்.

"இந்தக் கட்டடத்துல எல்லா வீட்டு அலமாரியும் ஒரே கம்பெனி செஞ்சது மேடம்" என்றார் கார்ப்பென்டர். "பலகை ஓரத்துல பட்டையா ஒட்டியிருக்குமே, எட்ஜ் பேண்டு, அது எல்லா வீட்டுலயும் வாய் பிளந்துடுச்சு. துணியெல்லாம் மாட்டிக் கிழியுது. எல்லாத்தையும் உரிச்சுட்டுப் புதுசு ஒட்டற வேலை எனக்கு வர்றதா இருந்துச்சு. செக்ரட்டரி மேடம் வீடுதான் சாம்பிள். இன்னைக்கு இங்க விரட்டிட்டாங்கன்னா நாளைக்கு எந்தத் தெருவுலயும் எனக்குக் கதவு திறக்க மாட்டாங்க."

"எப்படி உரிப்பீங்க?" என்று கேட்டாள் அண்ணி. தோட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அண்ணி என்றைக்கு நான் எதிர்பார்த்ததைக் கேட்டிருக்கிறாள்?

கார்ப்பென்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "துணி தேய்க்கிற அயர்ன் பாக்ஸ் போதும் மேடம். சூடு பண்ணி ஓரத்துல மெதுவா இழுத்துட்டுப் போனா உள்ள இருக்கிற பசை இளகிடும். நுனியில தகடை விட்டுத் தூக்கினா வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடும். உள்ள பாத்தாதான் அந்தக் கம்பெனி லட்சணம் தெரியும். தப்பா போட்ட ஓட்டை, உடைஞ்ச மூலை, எல்லாத்தையும் பட்டைய ஒட்டி மூடிட்டாங்க. பெரியவர்கூடப் பாத்துட்டுச் சிரிச்சார்."

"எந்தப் பெரியவர்?"

"செக்ரட்டரி மேடத்தோட அப்பா. காவலுக்குன்னு சேர் போட்டு என் பக்கத்துலயே உக்காந்திருந்தார். நல்ல மனுஷர். இது என்ன, அது எப்படின்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே இருந்தார்."

"சரி, உரிச்சதை உரிக்கலன்னு யார் சொன்னா?"

"நடுக் கதவு இருக்குல்ல மேடம், அதை அன்னைக்குக் காலையிலயே உரிச்சுட்டேன். என் கையால உரிச்சேன். சாப்பிட்டு வந்து பாக்கறேன், பட்டை மறுபடி ஒட்டிக்கிட்டு நிக்குது! எனக்குத் தலையே சுத்திடுச்சு. சரி, மறந்துட்டோம் போலன்னு அயர்ன் பாக்ஸை வெச்சேன். எவ்வளவு சூடு பண்ணாலும் அசையல. அதோட ஒரு வாசனை வேற, புதினா வாசனை. அந்த நேரம் பாத்துதான் செக்ரட்டரி மேடம் வந்து நகைப்பெட்டியைத் திறந்தாங்க. அப்புறம் நான் என்ன சொன்னாலும் பொய். உரிச்சேன்னு சொன்னதும் பொய்."

புதினா! என் மூக்கு சட்டென்று திரும்பியது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி வாய் ஓயாமல் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தார். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது வந்தது அசல் புதினா வாசனை.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். "சூயிங்கத்தை மென்னு அதாலயே ஒட்டியிருக்கான்."

"ஒரு கதவு ஓரம் முழுக்க ஒட்டணும்னா எத்தனை சூயிங்கம் மெல்லணும்? தாடை கழண்டுடும். வா மேல."

செயலாளர் அம்மாவின் வீடு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. மேஜை மேல் செய்தித்தாள்கள்கூட ஓரம் பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. இந்த வீட்டில் ஒரு பல்லி குடியிருந்தாலும் வாடகைக் கணக்கு எழுதிவிடுவார் போல என்று நினைத்தேன். நல்லவேளையாக வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அன்னைக்கே ரூமைப் பூட்டிட்டேன்" என்று சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டினார். "நீங்க வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்பாவைக்கூட விடல. கண்ணாடியை எடுக்கணும், செருப்பை எடுக்கணும்னு நாலு தடவை வந்து நின்னார், பாவம். நானே எடுத்துக் குடுத்துட்டேன்."

அண்ணி சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"தோடு ஏன் வெளியே இருந்துச்சு?"

"மத்தியானம் நகைக்கடைக்காரர் வர்றதா இருந்தது. பழைய மாடல். உருக்கிட்டு, கல்லைப் புது டிசைன்ல வெச்சுக் கட்டலாம்னு இருந்தேன். அதுக்காக லாக்கர்லேர்ந்து எடுத்துப் பெட்டியோட மேஜைல வெச்சுட்டு பேங்க் வரைக்கும் போனேன். திரும்பி வந்தா பெட்டி இருக்கு, தோடு இல்ல."

அறைக்குள் அலமாரி ஒரு சுவர் முழுவதையும் அடைத்து நின்றது. இடது பக்கக் கதவுகளில் ஓரப்பட்டை உரித்திருந்தது. உள்ளே பலகை ரஸ்க் தூள் மாதிரி பழுப்பாகத் தெரிந்தது. வலது பக்கக் கதவுகளில் இன்னும் கை வைக்கவில்லை. நடுக் கதவில் மட்டும் பட்டை ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் செயலாளர் அம்மா. "இதைத்தான் உரிச்சேன்னு அடிச்சுச் சொல்றான். கண்ணெதிரே இருக்கிற கதவுக்கே பொய் சொல்றவன் தோட்டுக்கு உண்மையா சொல்லப் போறான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணி ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் உள்ளே பாய்ந்து அலமாரியின் மேல் பாதியில் விழுந்தது. கீழ்ப் பாதியைக் கட்டிலின் தலைப்பலகை மறைத்தது.

"வலது பக்கக் கதவுகளோட ஓரத்தைப் பாரு, எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"மேல வெளுத்திருக்கு. கீழ நல்ல கலர்ல இருக்கு."

"நடுக் கதவு?"

குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன். "அட! கீழ வெளுத்திருக்கு. மேல நல்லா இருக்கு!"

"இந்தக் கதவு மட்டும் இத்தனை வருஷமா தலைகீழா நின்னு வெயில் காஞ்சுதாம்மா?" என்று அண்ணி செயலாளர் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "கார்ப்பென்டர் உரிச்சது நிஜம். உரிச்சுக் கீழே போட்ட பட்டையை வேற யாரோ எடுத்துத் தலைகீழா ஒட்டியிருக்காங்க. தொழில் தெரிஞ்சவன் பழைய பட்டையை எதுக்கு ஒட்டறான்?"

செயலாளர் அம்மாவுக்கு வாய் அடைத்துப் போயிற்று. சங்கக் கூட்டங்களில் யாராலும் செய்ய முடியாத காரியம் அது.

அண்ணி கதவருகே போய் மூக்கை வைத்தாள். என்னையும் இழுத்து வைத்தாள். சன்னமாகப் புதினா.

"நான்தான் அப்பவே சொன்னேனே! செக்யூரிட்டி!"

அண்ணியின் கால் என் காலைத் தேடியது. நான் தப்பித்துக்கொண்டேன்.

அப்போது பெரியவர் டீ கொண்டுவந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. தட்டை வைத்துவிட்டு, ஒரு கையால் வாயை மூடியபடியே உட்காருங்கள் என்று மறுகையால் ஜாடை காட்டினார். தானும் ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நன்றாக ஊற வைத்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோலத் தனக்குத்தானே ஊட்டிக்கொண்டார்.

"அன்னையிலேர்ந்து இப்படித்தான்" என்று செயலாளர் அம்மா தழுதழுத்தார். "ஒரு வார்த்தை பேசறதில்ல. சரியா சாப்பிடறதும் இல்ல. அம்மா நினைப்புதான். அந்தக் கார்ப்பென்டர் நல்லா இருப்பானா?"

பெரியவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்து டீயில் முக்கினார்.

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். குரலைத் தாழ்த்தி, பஸ் டிப்போ கவுண்டரில் குடையைத் தொலைத்தவர்களிடம் பேசும் அதே பதமான குரலில் கேட்டாள்:

"ஐயா, பேஸ்ட் தீர்ந்துபோச்சா?"

ஊறிய பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"என்ன பேஸ்ட்?" என்றார் செயலாளர் அம்மா.

"என்ன பேஸ்ட்?" என்றேன் நானும்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ கேக்கலாமா? உங்கம்மா பல் செட் கட்டியிருக்காங்கல்ல? அது ஆடாம இருக்க ஈறுல ஒரு பேஸ்ட் தடவுவாங்க, புதினா வாசனையா. தினம் காலையில நான்தான் எடுத்துக் குடுக்கறேன். அந்த நேரத்துல நீ போர்வைக்குள்ள இருந்து குறட்டை விட்டுத் துப்பறிஞ்சுட்டிருப்ப. உனக்கெப்படி அந்த வாசனை தெரியும்?"

அவமானத்தில் டீ எனக்குக் கசந்தது. கொண்டுவந்தவர்மேல் குற்றமில்லை.

"கம்பெனிப் பசை சூட்டுக்கு இளகும்" என்று அண்ணி எழுந்தாள். "இது வாய்க்குள்ள பிடிக்கிற பசை. சூடான டீயே குடிச்சாலும் பல் கழண்டுடக் கூடாதுல்ல? அதான் அயர்ன் பாக்ஸுக்கு அசையல. காய்ஞ்சு இன்னும் கெட்டியாயிடுச்சு. ஆனா ஈரத்தோட கொஞ்ச நேரம் விட்டா வழவழன்னு ஆயிடும். ஒரு துண்டை நனைச்சுக் குடுங்கம்மா."

ஈரத் துண்டைக் கதவின் ஓரத்தில் ஒத்தி வைத்துக் காத்திருந்தோம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி துண்டை எடுத்துவிட்டு நகத்தால் நுனியைத் தொட்டாள். பட்டை வழுக்கிக்கொண்டு அவள் கையோடு வந்தது. உள்ளே பலகையில், கம்பெனிக்காரன் தப்பாகப் போட்டுவிட்டு மூடி மறைத்த ஓட்டை ஒன்று, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு. அதற்குள் பஞ்சு. பஞ்சை இழுத்தால், அதற்குள்ளிருந்து இரண்டு தோடுகளும் பளிச்சென்று அண்ணியின் உள்ளங்கையில் விழுந்தன.

"அப்பா!"

பெரியவர் வாயிலிருந்து கையை எடுத்தார். பேசும்போது பல் செட் டக் டக்கென்று ஆடியது. பேஸ்ட் ட்யூப் முழுவதையும் கதவுக்குத் தடவிவிட்டால் வாய்க்கு என்ன மிஞ்சும்?

"உருக்கப் போறேன்னு சொன்னியேம்மா. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்த வீட்டுல உனக்குத் தெரியாத மூலை எது? என் சட்டைப் பையைக்கூட நீதான் உதறி மடிக்கற. பலகைக்குள்ள மட்டும்தான் நீ தூசி தட்டறதில்ல. நகைக்கடைக்காரர் வந்துட்டுப் போனப்புறம் எடுத்துடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீ அந்தப் பையனைப் பிடிச்சுட்ட. ரூமையும் பூட்டிட்ட."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேப்பா!" செயலாளர் அம்மா பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார். "உங்களுக்காகத்தானே உருக்க நெனச்சேன்! இந்தத் தோட்டை நான் போட்டுக்கிட்டு வந்தாலே எந்திரிச்சு உள்ள போயிடறீங்க. பாக்கவே பிடிக்கலைன்னுதானே நான் நெனச்சேன்? வேற மாதிரி பண்ணிட்டா உங்களுக்கு உறுத்தாதுன்னுதான்..."

பெரியவர் மகளையே பார்த்தார். "அழறதை நீ பாக்கக் கூடாதுன்னு உள்ள போவேன். பிடிக்காமயா?"

அப்பாவும் மகளும் அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கு அது கை வந்த கலை. அண்ணி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மீட்டிங் ஆரம்பிக்கற நேரம் ஆச்சு."

செயலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே நொடியில் மறுபடி செயலாளர் ஆகிவிட்டார். "கவலையே வேண்டாம். தோடு கட்டிலுக்கு அடியில கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடறேன். அப்பா பேர் வெளிய வர வேண்டாம்."

"கட்டிலுக்கு அடியிலயா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பயந்துபோய் கார்ப்பென்டரே திருப்பிப் போட்டுட்டார்னு சொல்ல மாட்டாங்களா? கீழ உக்காந்திருக்காரே ஒரு மனுஷர், அவருக்குப் பேர் இல்லையா?"

அண்ணியின் கால் எழும்பியது. நான் தயாராக நின்றேன். ஆனால் அவள் மிதிக்கவில்லை. நாங்கள் தொழில் ஆரம்பித்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

பெரியவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நான் பேசறேன்" என்றார்.

கீழே பொது அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. "திருட்டுக் கையை உள்ள விட்டா நாளைக்கு நம்ம வீட்டுலயும் இதே கதிதான்" என்று ஒரு பருத்த குரல் முழங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் முன்னால் போய் மைக்கைப் பிடித்தார். முதல் வார்த்தைக்கே பல் செட் நழுவியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். பெரியவர் நிதானமாகத் திரும்பி நின்று பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பொக்கை வாயோடு பேசினார். காற்று கலந்த வார்த்தைகள்தான், ஆனாலும் ஒன்றுகூடத் தப்பாமல் எல்லோருக்கும் கேட்டது.

"தோட்டை எடுத்து ஒளிச்சு வெச்சது நான். கார்ப்பென்டர் தம்பி தொடவே இல்ல. பல் ஆடுது, பேச முடியலன்னு இத்தனை நாள் சும்மா இருந்தேன். அதுவும் பொய். பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். அவரைக் கூப்பிடுங்க. உங்க எல்லாருக்கும் முன்னாடி நான் மன்னிப்புக் கேக்கணும்."

பருத்த குரல் மெலிந்தே போய்விட்டது. கார்ப்பென்டரைக் கூட்டிவரச் செயலாளர் அம்மாவே கிளம்பினார். பூட்டி வைத்திருந்த அந்தக் கருவிப் பையை அவரே தோளில் தூக்கிக்கொண்டார். கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி கேட்டுவரை நடந்தார். அறையில் இருந்தவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பின்னாலேயே வந்துவிட்டார்கள். செக்யூரிட்டி மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டை அகலத் திறந்தார். அவரைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பெரியவர் கார்ப்பென்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். செயலாளர் அம்மாவும் சொன்னார், வாக்கியத்தைப் பாதியில் விட்டு, மறுபடி ஆரம்பித்து. அவர் காதில் பழைய மாடல் தோடுகள் மின்னின. பெரியவர் அவற்றைப் பார்த்தார், கண் கலங்கியது, விலகியும் போகவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

கார்ப்பென்டர் பையைத் திறந்து அயர்ன் பாக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அதைத் தடவிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அதெல்லாம் சரி மேடம். அந்த நடுக் கதவை நான் உரிச்சேனா, உரிக்கலையா?"

"உரிச்சீங்க" என்றார் செயலாளர் அம்மா. "சத்தியமா உரிச்சீங்க."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி?"

"உரிச்சீங்க!" என்று கூட்டம் மொத்தமும் கத்தியது. செக்யூரிட்டியும் கத்தினார்.

கார்ப்பென்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்ப நாளைக்குக் காலையில வந்து மிச்சத்தையும் உரிச்சுடறேன். எல்லா வீட்டுலயும் வரிசையா. பெரியவரே, ஒரே ஒரு வேண்டுகோள். நான் சாப்பிடப் போற நேரத்துல நீங்களும் என்கூட வந்துடுங்க."

நாங்கள் வீடு திரும்பும் வழியில் மருந்துக் கடையில் அண்ணி இரண்டு ட்யூப் வாங்கினாள். ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்தனுப்பச் சொல்லிக் கடைக்காரரிடம் கொடுத்தாள். இன்னொன்றை என் கையில் திணித்தாள். அது எதற்கென்று கண்டுபிடிக்க நான் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் அம்மாவுக்குப் பேஸ்ட் எடுத்துக் கொடுத்தது நான். அண்ணி போர்வைக்குள் இருந்தாள்.